60 முதல் 70 வரை யார் பார்த்துக்கொள்வது? வயதுக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும் மருத்துவக் காப்பீடு

தாமிரபரணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூரில் தனியார் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 64 வயது, அம்மாவுக்கு 60. இருவரும் திருநெல்வேலிப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அப்பா ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். இதுவரை என் அலுவலகத்தின் குரூப் பாலிசியில் பெற்றோரையும் சேர்த்திருந்தேன். அடுத்த மாதம் புதுப்பிக்கும்போது பெற்றோருக்கு இடமில்லை என்று நிர்வாகம் ஒற்றை வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டது.

தங்கையை ஜெய்ப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுடைய மாமனாருக்கும் அப்பாவின் வயதுதான், வருமானமும் ஏறக்குறைய அதேதான். அவர்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டி அந்த மாநில அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தார்கள். அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது கையிலிருந்து எதுவும் தரவில்லை. எங்கள் அப்பாவுக்கோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருமான வரம்பு தாண்டுகிறது என்கிறார்கள். மத்திய அரசின் மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு 70 வயது ஆக வேண்டும். தனியாரிடம் கேட்டால் அப்பாவின் சர்க்கரை, அம்மாவின் ரத்த அழுத்தம் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 70,000 ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள், அதுவும் 20 சதவீதம் நம் கையிலிருந்து போட வேண்டும் என்ற கோ-பே நிபந்தனையோடு.

ஒரே நாட்டில் ஒரே வயதுக்காரர்கள் இருவருக்கு ஏன் இவ்வளவு வேறுபாடு? 70 வரும் வரை இவர்களை எப்படிப் பாதுகாப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. வீட்டில் ஒருவருக்காவது ஏதோ ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கும் குடும்பங்கள் நாடு முழுவதும் 41 சதவீதம். 2015-16இல் நடந்த நான்காம் சுற்றில் இது 29ஆக இருந்தது. இந்த 41க்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். ராஜஸ்தானில் 88. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 67. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் 20க்கும் கீழ். அந்தமானில் 2.

ராஜஸ்தான் நான்காம் சுற்றில் 19இல் இருந்த மாநிலம். 2015 இறுதியில் ரேஷன் பட்டியலோடு இணைத்து ஒரு காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள், எண்ணிக்கை ஒரே பாய்ச்சலில் ஏறியது. தமிழ்நாட்டில் அப்படிப் பாய்ச்சல் ஏதும் தெரியாது. இங்கே 2009 ஜூலையிலேயே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது, 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. நாம் முன்பே ஏறி உட்கார்ந்துவிட்டோம்.

ஆனால் இந்த விழுக்காடுகளை நம்பி ஒரு மாநிலத்தைப் பாராட்டவோ திட்டவோ நான் தயாரில்லை. ஜம்மு காஷ்மீரின் எண் அந்த ஆய்வில் மிகக் குறைவு. அங்கே கள ஆய்வு முடிந்த பிறகுதான் 2020 டிசம்பரில் எல்லாக் குடும்பங்களுக்குமான காப்பீட்டைத் தொடங்கினார்கள். அந்தமானில் மக்கள் பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்கே போகிறார்கள். அட்டை இல்லை என்பதற்காக அங்கே சிகிச்சையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று, 'வீட்டில் ஒருவருக்காவது' என்ற அளவுகோல் தாராளமானது. அதே ஆய்வில் ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்டபோது 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 30 சதவீதத்தினரும் ஆண்களில் 33 சதவீதத்தினரும்தான் காப்பீடு உண்டு என்றார்கள். 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று இன்னும் கறாரானது: கிராமத்தில் 14, நகரத்தில் 19.

இந்த இழைக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. குடும்பநல ஆய்வு தனிநபர் கேள்விகளைப் பெண்களிடம் 49 வயதோடும் ஆண்களிடம் 54 வயதோடும் நிறுத்திக்கொள்கிறது. பிள்ளைப்பேறு, குழந்தை நலம் இவற்றுக்காக வடிவமைத்த ஆய்வு அது, அதில் தவறில்லை. ஆனால் மருத்துவமனைச் செலவு கிடுகிடுவென்று ஏறுகிற வயது அந்த அட்டவணையில் இல்லை. முதுமை பற்றி 2017-18இல் நடந்த லாசி ஆய்வு 60 வயதுக்கு மேற்பட்டோரில் காப்பீடு உள்ளவர்கள் 18 சதவீதம் என்கிறது. ஐந்தில் ஒருவர்கூட இல்லை.

உங்கள் சம்பந்தி வீட்டாருக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு, யாரை உள்ளே சேர்ப்பது என்ற வாசலில்தான் இருக்கிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டம் 2018இல் தொடங்கியபோது 2011 சமூக பொருளாதாரக் கணக்கெடுப்பில் ஏழைகள் என்று பதிவானவர்களை எடுத்துக்கொண்டது. ஆந்திராவின் ஆரோக்கியஸ்ரீ 2007இல் தொடங்கியபோது அங்கே ஏழைகளுக்குத் தரும் வெள்ளை ரேஷன் அட்டையைப் பார்த்தது. தமிழ்நாடு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் பார்க்கிறது, முன்பு 72,000, இப்போது 1,20,000 ரூபாய். ராஜஸ்தானோ 2021இல் இலவசப் பட்டியலில் இல்லாதவர்களும் பணம் கட்டிச் சேரலாம் என்று இன்னொரு வாசலைத் திறந்தது. தமிழ்நாட்டில் அந்த வாசல் இல்லை. மாதம் 10,000 ரூபாய் வருமானத்தைக் கொஞ்சம் தாண்டினாலும் நீங்கள் 'வசதியானவர்', நேராகத் தனியார் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். முன்னோடி மாநிலம் என்று பெருமை பேசும் நாம் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

பாளையங்கோட்டையான்

விழுக்காடு எல்லாம் சரி ஐயா. எங்கள் தெருவில் பாதி வீட்டில் அட்டை இருக்கிறது. ஆத்திர அவசரத்துக்கு ஓடினால் 'இந்த நோய்க்கு இங்கே செல்லாது' என்கிறார்கள். அதையும் உங்கள் 67இல் சேர்த்துத்தானே எண்ணியிருப்பார்கள்?

கணக்குப்பிள்ளை

ஆமாம். அட்டை இருந்தால் 'உண்டு' என்று குறித்துக்கொள்வார்கள். பயன்பட்டதா என்பது வேறு கேள்வி.

முன்னாள் முகவர்

தாமிரபரணிக்கரை அவர்களே, நான் பல ஆண்டுகள் காப்பீட்டு முகவராக இருந்து இப்போது விட்டுவிட்டவன். யாருக்கும் எதையும் விற்க வேண்டிய தேவை எனக்கு இல்லை, அதனால் நேராகவே சொல்கிறேன்.

உங்களிடம் இப்போது கையில் இருக்கும் பெரிய சொத்து அந்தக் குரூப் பாலிசிதான், அது முடிவதற்குள் அசையுங்கள். குரூப் பாலிசியில் இருப்பவர் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். நீங்கள் ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் (முன்பே உள்ள நோய்க்குக் கம்பெனி பணம் தராத தொடக்கக் காலம்) அங்கே கணக்கில் வரும். பாலிசி முடிந்த பிறகு போய் நின்றால் புதியவராகத்தான் பார்ப்பார்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். மனிதவளத் துறையிடம் சான்று கேளுங்கள். பெற்றோரின் பெயர் எந்தத் தேதியிலிருந்து பாலிசியில் இருந்தது என்று எழுத்தில் வேண்டும்.

விதிகள் முன்பைவிட நல்லபடியாக மாறியிருக்கின்றன. 65 வயது வரை உள்ளவர்களுக்குப் புதிய பாலிசி கொடுத்தால் போதும் என்று கம்பெனிகளுக்கு இருந்த விதி 2024 ஏப்ரலில் போய்விட்டது. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு 48 மாதத்திலிருந்து அதிகபட்சம் 36 மாதமாகக் குறைந்தது. ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி என்று நிறுவினாலொழிய, 'நீங்கள் நோயை மறைத்துவிட்டீர்கள்' என்று கிளைமை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு ஆண்டு. 2025 ஜனவரியில் இன்னொன்று வந்தது: 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆனாலும் வயது வரம்பை எடுத்துவிட்டார்கள் என்பதற்காக எல்லோரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று பொருளல்ல. விண்ணப்பத்தை நிராகரிக்கும் உரிமை கம்பெனிக்கு இருக்கிறது. சேர்த்துக்கொண்டாலும் அவர்கள் கேட்கும் விலையில் ஆளையே விரட்டிவிடலாம்.

ஊர்க் கணக்கும் உண்டு. பல கம்பெனிகள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்திருக்கின்றன. டெல்லியும் மும்பையும் பெரும்பாலும் முதல் மண்டலம், பிரீமியம் அதிகம். சிறு நகரங்களுக்குக் குறைவு. நெல்லை முகவரியில் எடுத்தால் மலிவாகக் கிடைக்கும் என்று உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சில பாலிசிகளில் குறைந்த மண்டலத்துக்காரர் பெருநகரத்தில் போய்ப் படுத்தால் பில்லில் ஒரு பங்கு அவர் தலையில் விழும். உங்கள் பெற்றோருக்குப் பெரிய சிகிச்சை என்றால் எங்கே கொண்டுபோவீர்கள்? மதுரையா, சென்னையா, நீங்கள் இருக்கும் பெங்களூரா? அதை முடிவு செய்துவிட்டு மண்டலத்தைப் பாருங்கள்.

இதைப் படிக்கும் 25, 30 வயதுக்காரர்களுக்கு: அலுவலகப் பாலிசி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். வேலை போகும் அன்று அதுவும் போகும். உடம்பு நன்றாக இருக்கும்போது சின்னதாகச் சொந்தப் பாலிசி ஒன்று எடுத்தால் காத்திருப்புக் காலமெல்லாம் நீங்கள் அறியாமலே கழிந்துவிடும்.

ஹூஸ்டன்வாசி

நான் இருக்கும் இடத்தில் இந்தப் படம் தலைகீழ். அமெரிக்காவில் 65 வயதானால் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வந்துவிடும். அந்த வயதுக்கு மேல் காப்பீடு இல்லாதவர்கள் நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான். 18 முதல் 64 வரையில் உள்ளவர்களில் 2023இல் பத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காப்பீடு இல்லை. அதிலும் மோசமான இடம் 26இலிருந்து 34. 2010இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் பாலிசியில் ஒட்டிக்கொள்ளலாம், அதன் பிறகு அவரவர் பாடு.

ஊர் வேறுபாடு இங்கேயும் பெரியது. மாசசூசெட்ஸில் 2006இலேயே காப்பீட்டைக் கட்டாயமாக்கினார்கள், அங்கே காப்பீடு இல்லாதவர்கள் 3 சதவீதத்துக்கும் கீழ். நான் வாழும் டெக்சாஸில் அது 16 சதவீதத்துக்கு மேல், நாட்டிலேயே அதிகம். ஏழைகளுக்கான மெடிகெய்டைக் குழந்தையில்லாத ஏழைப் பெரியவர்களுக்கும் விரிவுபடுத்த மத்திய அரசு பணம் தருகிறேன் என்றபோது டெக்சாஸ் வேண்டாம் என்றுவிட்டது. மாநில எல்லையைத் தாண்டினால் அதே ஆளுக்கு அட்டை கிடைக்கும்.

முன்னாள் முகவர் சொன்ன விலைப் பிரச்சினைக்கு இங்கே ஒரு கடிவாளம் உண்டு. தனிநபர் சந்தையில் 64 வயதுக்காரரிடம் 21 வயதுக்காரரைப் போல மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. இந்தியாவில் அப்படி ஒரு விகிதம் வைத்தால் என்ன?

பாளையங்கோட்டையான்

அமெரிக்கக் கதை எங்களுக்கு எதற்கு அண்ணாச்சி? அங்கே ஆம்புலன்ஸ் ஏறினாலே சொத்தை எழுதி வாங்கிவிடுவார்கள் என்கிறார்கள். இங்கே ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் இன்றைக்கும் காசில்லாமல் வைத்தியம் நடக்கிறது.

என்னைக் கேட்டால் அந்த 70,000 ரூபாயைக் கம்பெனிக்குக் கொடுப்பதற்குப் பதில் ஆண்டுதோறும் வங்கியில் போடுங்கள். ஆறு ஆண்டில் 4 லட்சத்துக்கு மேல் சேரும், வட்டி வேறு. நோய் வராவிட்டால் பணம் உங்களுடையது. அதற்குள் அப்பாவுக்கு 70 ஆகிவிடும், அட்டை வந்துவிடும்.

முன்னாள் முகவர்

நோய் ஆறாவது ஆண்டில் வந்தால் உங்கள் கணக்கு சரி. இரண்டாவது ஆண்டில் வந்தால்? கையில் ஒன்றரை லட்சம்கூட இருக்காது. அப்பாவுக்கு ஒரு பைபாஸ் என்றால் தனியாரில் அது முன்பணத்துக்கே போய்விடும். அம்மாவுக்கு 70 ஆக இன்னும் பத்து ஆண்டு இருப்பதையும் மறந்துவிட்டீர்கள். சேமிப்பும் வேண்டும், மறுக்கவில்லை. பாலிசி தராத செலவுகளுக்கு அது.

ஹூஸ்டன்வாசி, மூன்று மடங்கு விகிதத்தைப் பற்றி: அங்கே இளைஞர்களும் சந்தையில் இருக்க வேண்டும் என்பதற்காக மானியம் கொடுக்கிறார்கள். இங்கே இளைஞர்கள் தாமாக வருவதே அரிது. முதியவருக்குக் குறைத்தால் 25 வயதுக்காரருக்கு ஏற்ற வேண்டும், அவர் இன்னும் தள்ளிப் போவார். மானியம் இல்லாமல் விகிதத்தை மட்டும் கொண்டுவந்தால் கம்பெனிகள் முதியோருக்கான பாலிசியையே ஒவ்வொன்றாக நிறுத்திவிடும் என்பது என் அச்சம்.

ஹூஸ்டன்வாசி

அதை ஒப்புக்கொள்கிறேன். மானியம் இல்லாமல் இங்கேயும் அது நடந்திருக்காது.

காப்பீட்டு மேசை

நான் கொங்குப் பகுதியில் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அட்டையோடு வருபவர்களை முதலில் சந்திக்கும் ஆள் நான்தான். பாளையங்கோட்டையான் ஐயா கேட்டதற்கு விளக்கம் தருகிறேன்.

முதலமைச்சர் திட்டமும் ஆயுஷ்மானும் இப்போது தமிழ்நாட்டில் சேர்ந்தே நடக்கின்றன. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் இது 'எந்த நோய் என்றாலும் 5 லட்சம்' என்ற கணக்கல்ல. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். மருத்துவமனையும் அந்தச் சிகிச்சைத் துறைக்கென்று பதிவு செய்திருக்க வேண்டும். இதயத்துக்குப் பதிவு பெற்ற மருத்துவமனை எலும்பு முறிவுக்குப் பெற்றிருக்காமல் இருக்கலாம். 'இங்கே செல்லாது' என்று எங்களைப் போன்றவர்கள் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். பக்கத்தில் எங்கே செல்லும் என்றும் சொல்லி அனுப்ப வேண்டும். எல்லோரும் சொல்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அட்டை உதவாது. படுக்கையில் சேர்ந்தால்தான் கணக்கு. 60 வயதுக்கு மேல் ஒரு வீட்டின் பணம் அதிகம் கரைவது மருந்துக்கடையில்தான். அதற்கு எந்தக் காப்பீடும் கிட்டத்தட்டத் துணையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்தபின் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, உங்கள் பெற்றோர் பெயரைக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்தீர்களா? அதற்கு வருமான வரம்பு கிடையாது.

மாவட்ட வேறுபாடும் கண்கூடு. சென்னை, கோவை, மதுரையில் அட்டையை ஏற்கும் தனியார் மருத்துவமனைகளை வரிசையாகப் பார்க்கலாம். மலைப் பகுதியிலும் கடலோர மாவட்டங்கள் சிலவற்றிலும் விரல்விட்டு எண்ணலாம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் கதி. அது மோசமான கதியும் அல்ல. அரசு மருத்துவமனையில் செய்தாலும் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்குப் போகிறது, அதை வைத்துக் கருவிகள் வாங்குகிறார்கள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தது ராமநாதபுரம், நீலகிரி போன்ற மாவட்டங்களுக்குப் பெரிய மாற்றம்.

வயதையோ ஊரையோ வருமானத்தையோ கேட்காத திட்டம் ஒன்று எனக்குத் தெரிந்து 'நம்மைக் காக்கும் 48' மட்டும்தான். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும். பீகார்க்காரர் என்றாலும் வெளிநாட்டவர் என்றாலும் அட்டை கேட்பதில்லை.

பின்னலாடை

பீகார் என்றதும் எழுதத் தோன்றியது. நான் திருப்பூரில் சிறிய கம்பெனி நடத்துகிறேன். எங்களிடம் தைக்க வருபவர்கள் பெரும்பாலும் 18 முதல் 30 வயது. ஊரில் குடும்பத்தின் பெயர் ஆயுஷ்மான் பட்டியலில் இருக்கும், கையில் அட்டை இருக்காது. அட்டை இருந்தால் நாட்டின் எந்த மாநிலத்திலும் பதிவு பெற்ற மருத்துவமனையில் செல்லும் என்பதே பலருக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டுத் திட்டத்திலும் சான்றோடு சேர்க்க வழி உண்டு. முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே இல்லை. சட்டப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது, தேடிப் போய்ச் சேர்ப்பதற்குத்தான் ஆளில்லை.

இஎஸ்ஐ, அதாவது சம்பளத்தில் பிடித்தம் செய்து தொழிலாளர்களுக்குத் தரும் அரசு மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு முறையீடு. சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் ஆனது, அப்படியே நிற்கிறது. நல்ல டெய்லருக்கு ஆயிரம் ரூபாய் ஏற்றிக் கொடுத்தால் அவர் இஎஸ்ஐயை இழக்கிறார். 'அண்ணா, சம்பளம் ஏற்ற வேண்டாம், வேறு விதமாகக் கொடுங்கள்' என்று என்னிடமே கேட்டவர்கள் இருக்கிறார்கள். 40 வயதில், இரண்டு பிள்ளைகளோடு, ஏழை என்ற அட்டையும் இல்லாமல் இஎஸ்ஐயும் இல்லாமல் நிற்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. நிதி ஆயோக் 2021இல் இப்படிப்பட்டவர்கள் நாட்டில் 40 கோடி, மக்கள்தொகையில் 30 சதவீதம் என்று அறிக்கை வெளியிட்டது. அறிக்கையோடு சரி.

வேலூர்க் கோட்டை

எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். 2003இல் வந்த முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் ஓய்வூதியரும் மனைவியும் ஆயுள் முழுவதும் இருக்கலாம். என் அண்டை வீட்டில் ஒரு ஹவில்தாரும் ஒரு தனியார் பள்ளி ஆசிரியரும். இருவருக்கும் 66 வயது. முதலாமவர் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் வரிசை நீளம் என்று சலித்துக்கொள்கிறார். அந்த வரிசையில் நிற்கக்கூட இரண்டாமவருக்கு இடமில்லை. 60க்கு மேல் ஒருவருடைய காப்பீடு என்பது அவர் 25 வயதில் எந்த வேலையில் சேர்ந்தார் என்பதுதான். மாநில அரசு ஊழியரும் அப்படியே, ஓய்வுக்குப் பின்னும் ஓய்வூதியத்தில் மாதப் பிடித்தம் செய்து காப்பீடு தொடர்கிறது.

நூற்பாலைக்காரன்

தாமிரபரணிக்கரைத் தம்பி, உங்கள் அப்பா ஆலையில் இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை பேர் எழுதியும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே என்றுதான் நான் வந்தேன். அவருக்கு இஎஸ்ஐ பிடித்தம் இருந்ததா?

இருந்திருந்தால், குறைந்தது ஐந்து ஆண்டு இஎஸ்ஐயில் காப்பீடு பெற்றவராக இருந்து ஓய்வு வயதில் பணியிலிருந்து விலகியவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் போதும். மாதம் பத்து ரூபாய். அவருக்கும் மனைவிக்கும் இஎஸ்ஐ மருத்துவம் தொடரும். நானும் என் வீட்டுக்காரியும் அப்படித்தான் பார்த்துக்கொள்கிறோம். டிஸ்பென்சரியில் மாத்திரையும் தருகிறார்கள், காப்பீட்டு மேசை அம்மா சொன்ன மருந்துக்கடைச் செலவு எங்களுக்கு அதனால் பாதியாகிவிட்டது. ஆலையில் என்னோடு ஓய்வு பெற்றவர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. வேலை முடிந்தது, அட்டையும் முடிந்தது என்று கிழித்துப் போட்டவர்கள் உண்டு.

பழைய இன்சூரன்ஸ் எண், ஓய்வு பெற்றதற்கு ஆலை கொடுத்த கடிதம், ஆதார் இவற்றோடு கிளை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். நெல்லையிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது, உங்களுக்கு அது பெரிய வசதி. பெரிய சிகிச்சைக்கு வெளி மருத்துவமனைக்கு எழுதித் தருவார்களா, எந்த அளவுக்கு என்று ஓய்வு பெற்றவர்களுக்கான விதியை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணியில் இருப்பவருக்கு உள்ள எல்லாமும் நமக்கும் உண்டு என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட வேண்டாம்.

தாமிரபரணிக்கரை

ஐயா, மிக்க நன்றி. அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 19,000 ரூபாய், பிடித்தம் இருந்ததாம். இடையில் சில ஆண்டுகள் சம்பளம் அப்போதைய வரம்பான 15,000ஐத் தாண்டியதால் நின்றுவிட்டு, 2017இல் வரம்பை உயர்த்தியபோது மீண்டும் பிடித்திருக்கிறார்கள். மொத்தம் பார்த்தால் ஐந்து ஆண்டைவிட எவ்வளவோ அதிகம். இடைவெளி இருப்பது சிக்கலாகுமா?

நூற்பாலைக்காரன்

ஓய்வு பெறும் நாளில் அவர் இஎஸ்ஐயில் இருந்தார் என்பது உங்களுக்குச் சாதகம் தம்பி. இடைவெளியைப் பற்றிக் கிளை மேலாளர்தான் சொல்ல வேண்டும். எண்ணைக் கொடுத்தால் கணினியில் முழுக் கணக்கும் வரும். வாய்மொழியாக 'இல்லை' என்றால் அதை எழுதிக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை

இன்னொரு வாசலையும் தட்டிப் பாருங்கள். 'வருமான வரம்பு தாண்டுகிறது' என்றீர்களே, யாருடைய வருமானம்? அப்பாவுக்கு வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் எவ்வளவு வருகிறது? உங்கள் பெயர் இன்னும் அந்த ரேஷன் அட்டையில் இருக்கிறதா?

தாமிரபரணிக்கரை

ஓய்வூதியம் 2,400 ரூபாய். மாடி வீட்டு வாடகை 4,500. என் பெயர் அந்த அட்டையில்தான் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் என் சம்பளத்தையும் சேர்த்துத்தான் எழுதினார்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 82,800 ரூபாய். வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். நீங்கள் மனைவி மக்களோடு பெங்களூரில் தனிக் குடித்தனம் நடத்துகிறீர்கள். உங்கள் பெயர் அங்கே இருக்கக் காரணமே இல்லை.

பாளையங்கோட்டையான்

லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் மகன் பெயரை நீக்கிவிட்டு ஏழைக்கான அட்டையை வாங்குவது நியாயமா? அதற்கும் வரிப்பணம்தானே போகிறது?

கணக்குப்பிள்ளை

கேட்க வேண்டிய கேள்விதான். பொய்யாகப் பெயரை நீக்கினால் நானும் உங்கள் பக்கம். இவர் உண்மையிலேயே அந்த வீட்டில் இல்லை, அட்டையில் இருப்பதுதான் பொய். அந்த முதியவர்களின் வருமானம் மாதம் 6,900. மகன் தருவது மகனின் விருப்பம், நாளைக்கு அவருக்கு வேலை போனால் அதுவும் நிற்கும். மகன் நன்றாகச் சம்பாதிக்கிறார் என்பதை வைத்து அரசு ஒதுங்கிக்கொள்வதாக இருந்தால், ராஜஸ்தானைப் போலப் பணம் கட்டிச் சேரும் வழியையாவது கொடுக்கட்டும். 850க்குப் பதில் 5,000 கேட்டாலும் இவர் கட்டுவார்.

தாமிரபரணிக்கரை

10,000 என்றாலும் மறுபேச்சில்லாமல் கட்டுவேன். பெயரை நீக்க விண்ணப்பித்துவிட்டேன், எப்படியும் கர்நாடகத்தில் எங்களுக்கு அட்டை வேண்டியிருந்தது. நிறுவனத்திடம் காப்பீட்டுத் தேதிச் சான்று கேட்டிருக்கிறேன், அம்மாவை மட்டும் தனிநபர் பாலிசிக்கு மாற்ற என்ன கேட்பார்கள் என்று பார்க்கிறேன். இஎஸ்ஐ கிளைக்கு அப்பா நேற்றே போய்வந்துவிட்டார். இன்சூரன்ஸ் எண்ணைப் போட்டதும் கணக்கு வந்ததாம். அவர் பக்கம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அம்மாவின் பெயர் ஆலைப் பதிவில் 'இசக்கியம்மாள்', ஆதாரில் 'இசக்கி' என்று இருப்பதால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நூற்பாலைக்காரன்

அது எல்லா வீட்டிலும் நடப்பது. ஆதாரை இப்போது தொடாதீர்கள். அதைத் திருத்தினால் வங்கி, ரேஷன் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும். ரேஷன் அட்டை நகல், இரண்டு பெயரும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று, இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம் இவற்றோடு போய் இஎஸ்ஐ பதிவில் பெயரை மாற்றச் சொல்லி மனு கொடுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அப்பா அந்த இடத்தைவிட்டு நகர வேண்டாம்.